மூஞ்சிக்கு ஒரு சாயப்பட்டறை

நேவி புளூ போலோ ஒன்று, காலர் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாக வெளுத்து, போன வாரம் என் கடை மேஜையில் கிடந்தது. பார்ட்டிக்குக் காட்ட எடுத்து வைத்திருந்த சாம்பிள். வீட்டுக்குக் கொண்டுபோன ராத்திரி பையன் அதைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறான். திருப்பூர் காதர்பேட்டையில் ஸ்டாக் லாட் வியாபாரம் செய்கிறவன் வீட்டில் சாம்பிளுக்கும் நைட் டிரஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பழைய பாக்கி கேட்க வந்த டையிங் மாஸ்டர் காலரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டை விரலால் தேய்த்தார். "வீட்ல ஆருக்காச்சும் பரு இருக்குதுங்களாண்ணா?" என்றார்.

இருக்கிறது. பையனுக்கு நெற்றியிலும் தாடையிலும். ராத்திரி அவன் தடவிக்கொள்கிற க்ரீமில் பென்சாயில் பெராக்சைடு. பட்டறையில் துணி வெளுக்க விடுகிற ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு அது பங்காளி முறை. ரோமக்காலுக்குள் பதுங்கியிருக்கிற கிருமியை ஆக்சிஜன் விட்டுக் கொல்லும். காலரில் பட்டால் நேவி புளூவையும் அதே சிரத்தையோடு கொல்லும். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் எழுதியிருக்கிறது, நிறத்துணியில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு துணியில் படாமல் எதைச் செய்வது?

அதற்கப்புறம் மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். எண்ணெய் வடிகிற மூஞ்சிக்கு என்னதான் செய்வது என்று. காலமெல்லாம் சாயப்பட்டறை ஆவியில் நின்ற மனிதர், முகத்தில் ஒரு தழும்பு கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன்னால் எங்கள் வீட்டு பாத்ரூம் ஷெல்ஃபைப் பற்றி இரண்டு வார்த்தை.

உங்கள் வீட்டிலும் அதே ஷெல்ஃப்தான், மறைக்க வேண்டாம். என் ஷேவிங் க்ரீமைக் கீழே தரையில் வைத்துவிட்டார்கள். மேலே வரிசையாகப் பாட்டில்கள். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று, ஒன்று போட்ட அன்றைக்கு இன்னொன்று போடக்கூடாது, அதற்கு ஒரு அட்டவணை, அட்டவணை ஈரத்தில் நனையாமல் இருக்க அதை ஒரு பாலி பேக்கில் போட்டு செலோடேப். பாலி பேக் என் கடைச் சரக்கு. "அப்பா, மூஞ்சியத் தொடாதீங்க, கையில பாக்டீரியா" என்கிறான் பையன். "ஏனுங்க, அந்தத் துண்ட எடுக்காதீங்க, அது அவன் மூஞ்சித் துண்டு" என்கிறாள் மனைவி. மூஞ்சிக்குத் தனித் துண்டு! நான் பிறந்த வீட்டில் ஒரே துண்டு, குளித்த வரிசைப்படி ஈரம்.

இத்தனைக்கும் நானும் யோக்கியன் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் சந்தில் நின்று பார்த்தால் தெரியும். மேலே தகர ஷீட், இரண்டு பக்கமும் பண்டல், நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு வழி, அதிலும் தலையில் மூட்டையோடு எதிரே ஒருவர். காற்றில் பஞ்சுத் தூசி. கேரளா பார்ட்டியிடம் விலை பேசிக்கொண்டே நெற்றியைத் துடைக்க எதையோ எடுத்தேன், பாலி பேக். ஒட்டிக்கொண்டது. அவர் சிரிக்காமல் பீஸுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டார். அன்று ராத்திரி பையனின் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். மூக்கு எரிந்தது. மறுநாளும் திறந்தேன்.

அந்த எரிச்சலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இந்த வரிசை எனக்குத் தெரிந்த வரிசை. இது பிராசஸிங். சுத்தமான வெட் பிராசஸிங்.

நிட்டிங் மெஷினிலிருந்து இறங்குகிற கிரே துணி பட்டறைக்குப் போனதும் நடக்கிற முதல் வேலை எண்ணெய் எடுப்பது. பருத்திக்குப் பிறவியிலேயே ஒரு மெழுகு உண்டு, எடையில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதன்மேல் நிட்டிங் ஊசிக்கு விட்ட எண்ணெய். இரண்டும் இருந்தால் சாயம் ஏறாது. சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் விட்டு, காஸ்டிக் சோடா, பெராக்சைடு எல்லாம் ஊற்றி, கொதிக்கிற பதத்தில் ஓட்டுவார்கள். பையனின் க்ளென்ஸருக்கும் இதே வேலை, கொதிக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்தது ஆசிட் விட்டு நியூட்ரல் பண்ணுவது. ஷெல்ஃபில் அதற்குப் பெயர் டோனர். அடுத்தது பயோ வாஷ். துணிமேல் நிற்கிற பிசிறை என்சைம் தின்றுவிடும். ஷெல்ஃபில் பப்பாளி என்சைம், செத்த தோலைத் தின்னுமாம், படம் போட்டிருக்கிறது. கடைசியில் துணிக்கு சாஃப்ட்னர், பெரும்பாலும் சிலிக்கோன். பையனின் மாய்ஸ்சரைசர் பாட்டிலைத் திருப்பி லென்ஸ் வைத்துப் படித்தேன்: டைமெத்திகோன். அதுவும் சிலிக்கோன்தான். கேன் கணக்கில் வாங்குகிற சரக்கின் பங்காளியை நாங்கள் மில்லி கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்!

இதோடு விடமாட்டேன். காம்பாக்டிங் இருக்கிறதே, துணியை நெருக்கி அடக்கி, துவைத்தால் சுருங்காமல் பார்ப்பது. முகத்தில் அதற்குப் பெயர் 'போர் டைட்னிங்'. துணியாவது காம்பாக்டிங்கில் நெருங்கும். தோலில் இருக்கிற துளைக்குத் திறந்து மூடத் தசை கிடையாது. ஆவி பிடித்தால் திறக்காது, ஐஸ் வைத்தால் மூடாது. சன்ஸ்கிரீனை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாகப் பூச்சு நிற்கிற வகையில் டைட்டானியம் டை ஆக்சைடு. பாலியெஸ்டர் நூலின் மினுமினுப்பை அடக்க மில்லில் கலப்பதும் அதே டைட்டானியம் டை ஆக்சைடு. அப்படிக் கலந்த நூலை செமி டல் என்பார்கள். ஆக, காலை எட்டு மணிக்கு என் பையன் செமி டல்லாகக் காலேஜுக்குப் போகிறான்.

செக்கிங்கும் உண்டு. எக்ஸ்போர்ட் துணியை லைட் எரிகிற மேஜையில் ஓடவிட்டு 4 பாயிண்ட் சிஸ்டத்தில் மதிப்புப் போடுவார்கள். குறை 3 அங்குலத்துக்குள் இருந்தால் ஒரு பாயிண்ட். அந்தக் கணக்கில் உலகத்தில் எந்தப் பருவுக்கும் ஒரு பாயிண்டுக்கு மேல் போட வழியில்லை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பருவுக்காக ஒரு கல்யாண ரிசப்ஷனையே ரிஜக்ட் பண்ணினார்கள்.

பிஎச் சமாச்சாரம் இன்னும் வயிற்றெரிச்சல். தோலில் படுகிற துணிக்கு ஓகோ-டெக்ஸ் சர்டிபிகேட் வேண்டுமானால் பிஎச் 4-க்கும் 7.5-க்கும் நடுவில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஜெர்மனிக்காரர் சரக்கை எடுக்கமாட்டார். தோலின் சொந்த பிஎச் 5 சுற்றுவட்டாரம். நானோ சின்ன வயதிலிருந்து 9, 10 பிஎச்சில் இருக்கிற குளியல் சோப்பை மூஞ்சியில் தேய்த்து, கீச்சென்று சத்தம் வந்தால் சுத்தம் என்று நம்பினவன். ஜெர்மனிக்குப் போகிற பனியனுக்கு இருக்கிற மரியாதை எங்கள் ஊர் மூஞ்சிக்கு இல்லை. கழிவுநீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காக 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்று ஆன பிறகு சுத்திகரிப்புக்கு ஆகிற செலவு பட்டறைக்காரர்களைக் கேட்டால் தெரியும். எங்கள் பாத்ரூமிலிருந்து தினம் ரெண்டு வேளை நேராகச் சாக்கடைக்குப் போகிறது. கேட்பார் இல்லை.

எண்ணெயை எடுக்க ஒரு பாட்டில். எடுத்த எண்ணெய்க்குப் பதிலாக வேறு எண்ணெய் போட ஒரு பாட்டில். நடுவில் இருக்கிறவை இந்த இரண்டுக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொள்ள. துணிக்காவது ஒரு தடவை எடுத்தால் எடுத்ததுதான். தோலுக்கடியில் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது; அது ஹார்மோன் பேச்சைக் கேட்கும், பாட்டில் பேச்சைக் கேட்காது. மூக்கு மேல் வரிசையாகத் தெரிகிற பொடிப் புள்ளிகளை ஸ்ட்ரிப் ஒட்டிப் பிய்த்தால் ஒரு மாசத்துக்குள் திரும்ப நிரம்பிவிடும், ஏனென்றால் அது அழுக்கே இல்லை, எண்ணெய் வெளியே வர உடம்பு போட்ட வழி. நிஜமான கரும்புள்ளியும் அழுக்கால் கறுப்பதில்லை. காற்றுப் பட்டுக் கறுக்கிறது. தேய்த்துத் தேய்த்து மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

கொரியாக்காரர்கள் முகம் கண்ணாடி போல மினுங்குவதற்குப் பத்து ஸ்டெப் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு ஸ்டெப்பும் இல்லாமல் காலை பதினோரு மணிக்கே மினுங்குகிறேன். அங்கே அது அழகு, இங்கே "என்னண்ணா, உடம்பு சரியில்லீங்களா?"

மாஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். அம்மாவை மட்டும் முடித்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு எல்லாம் சூடு. "ஏஞ்சாமி, தலைக்கு எண்ணெ வெக்காமத்தான் பரு வருது" என்று பேரன் தலையில் தேங்காயெண்ணெயை ஊற்றிவிடுவாள். அது நெற்றிக்கு இறங்கும். நெற்றி ஓரத்தில் வருகிற பருவுக்கும் தலைக்குப் பூசுகிற எண்ணெய், பசைகளுக்கும் உறவு உண்டென்று டாக்டர்கள் எழுதி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். பஜ்ஜி தின்றால் பரு வரும் என்பது அவளுடைய இன்னொரு கட்சி. 1969-ல் அமெரிக்காவில் சாக்லேட் தின்னக் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் சாக்லேட்டுக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டார்கள். பணம் கொடுத்தது சாக்லேட் வியாபாரிகள். 2007-ல் ஆஸ்திரேலியாவில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள், பையன்களுக்குப் பரு குறைந்தது. அதாவது சந்தேகப்பட வேண்டியது பஜ்ஜியைவிட இட்லியை, வெள்ளைச் சோற்றை. இதை வீட்டில் சொன்ன அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது. மனைவியின் கட்சி முல்தானி மட்டி. ஆட்டு ரோமத்தின் பிசுக்கை எடுக்க ஐரோப்பாவில் கம்பளித் தொழில்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய மண் வகை அது. எங்கே சுற்றினாலும் ஜவுளிக்கே வந்து நிற்கிறது! பாட்டில்களில் 'நான்-காமடோஜெனிக்', அதாவது துளையை அடைக்காது என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, அந்தப் பரிசோதனை தொடங்கியது முயலின் காதுக்குள். என் மூக்குக்கும் முயல் காதுக்கும் என்ன ஒற்றுமை என்று யாரும் விளக்கவில்லை.

கடைசியில் தோல் டாக்டரிடமும் போனோம். பையன் மூஞ்சியை ஒரு நிமிஷம் பார்த்தார். ராத்திரிக்குப் பட்டாணி அளவு அடாபலின், காலையில் சாதாரண க்ளென்ஸர், வெளியே போனால் சன்ஸ்கிரீன். மூன்று மாசம் பொறுக்கணும், முதல் சில வாரம் பரு கூடுதலாகத் தெரியும், பயப்படக்கூடாது. சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள் என் மனைவி. "அவ்ளோதானுங்களா?" வெளியே வந்ததும் மெடிக்கலில் சீட்டில் இல்லாத இரண்டு பாட்டில் சேர்த்து வாங்கினோம், மனசு கேட்கவில்லை.

மெடிக்கல் என்றதும் சிரிப்பு கொஞ்சம் நின்றுவிடுகிறது. பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள், பதினெட்டு இருபது வயசு, டாக்டருக்கு அரை நாள் லீவு போட்டால் அரை நாள் கூலி போச்சு. ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் "பருவுக்கு எதாச்சும் குடுங்கண்ணா" என்று கேட்பார்கள். ஒரு ட்யூப் வரும், விலை கம்மி. நாலே நாளில் முகம் பளிச்சென்று ஆகும். ஸ்டீராய்டு. விட்டால் முன்னைவிட மோசமாகத் திரும்ப வரும். விடாமல் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரியும். இப்படிக் கெட்ட முகத்துக்கென்று தோல் டாக்டர்கள் தனியாக ஒரு நோய்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் 2018-ல் மத்திய அரசு இந்த க்ரீம்களைச் சேர்த்தது. பட்டியல் டெல்லியில் இருக்கிறது, ட்யூப் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1969-ல் சென்னையில் ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டர் வி. பி. சித்தன், தொழிலாளிகளின் தோல் தொந்தரவைப் பார்த்து ஒரு சோப்பு பண்ணினார், மெடிமிக்ஸ். பருவுக்கு அது மருந்தா என்பது வேறு பேச்சு. தொழிலாளி தோலைக் கண்ணால் பார்த்து ஒருத்தர் யோசித்தார் என்பதைச் சொல்ல வந்தேன். இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் தோலை யார் பார்க்கிறார்கள்?

சரி, மாஸ்டர் சொன்னது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், விலைக்கு வருவோம், எனக்குத் தெரிந்தது அதுதான். நியாசினமைட் சீரம், வைட்டமின் பி3 வகையறா, 30 மில்லி 600 ரூபாய். மில்லிக்கு 20. லிட்டர் 20,000 ரூபாய். பாட்டிலின் பின்னால் சேர்மானத்தை அளவு வரிசைப்படி போட்டிருக்கிறார்கள். முதலில் நிற்பது தண்ணீர். நூல் விலை ஏறியதற்காக 2022 மே மாதம் இரண்டு நாள் இந்த ஊரே கதவை அடைத்தது. நூலையாவது எடை போட்டுப் பார்த்து, ஈரம் அதிகம் என்று கழித்துப் பேசலாம். சீரத்துக்கு யாரிடம் போய் ஈரம் கழிப்பது?

அந்தப் பாட்டிலில் இருக்கிற டிராப்பர் அடிமட்டத்தைத் தொடுவதில்லை. கடைசி 3 மில்லிக்கு மேலேயே நின்றுவிடுகிறது, அளவெடுத்துச் செய்ததுபோல. 60 ரூபாய். பாட்டிலைக் கவிழ்த்து, பழைய கோன் அட்டைக்குள் செருகி, ஷெல்ஃப் மூலையில் வைத்திருக்கிறேன். யாரும் தொடக்கூடாது என்று சொல்லியும் யாரோ நிமிர்த்தி வைத்துவிடுகிறார்கள்.