ஆறு இருக்கு, ரசீது இல்லை

கொசஸ்தலையாறு ஒரு காலத்தில் பாலாற்றின் பழைய வீடு. புவியியலாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு என்ன கோபமோ, பாலாறு பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு தெற்கே திரும்பி, சதுரங்கப்பட்டினம் பக்கம் போய்க் கடலில் விழுந்தது. கொசஸ்தலையாறு கடலைத் தொடும் எண்ணூரில் என்னென்ன வரப்போகிறது என்று அதற்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் பேசில் காக்ரேன். இங்கிலாந்துக் கடற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுத்துக் காசு பார்த்தவர். ஆறு பாட்டுக்கு மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டிருக்க, இவர் 1806 வாக்கில் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை தெற்கு வடக்காக 11 மைலுக்கு ஒரு கால்வாய் வெட்டினார். அப்புறம் லண்டன் போய் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். சிரிக்காதீர்கள், நிஜம். தாது வருஷப் பஞ்சத்தில் அரை வயிற்றுக் கூலிக்கு அந்தக் கால்வாயை மேலும் வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். 1878-இல் அதற்கு வைத்த பெயர் என்னவோ கவர்னர் பக்கிங்காமுடையது. நீராவிக் குளியல் மட்டும் எண்ணூருக்கு வந்து சேர 1990கள் ஆயின. வட சென்னை அனல்மின் நிலையம் திறந்துவிட்ட வெந்நீரில் இறாலுக்கும் மட்டிக்கும் இலவசக் குளியல்.

இனி அயர்லாந்துக்கு ஒரு நடை போய்வருவோம். ஒரு ஆறு எவ்வளவு வெள்ளம் தாங்கும் என்று கணக்கிட இன்றைக்கும் உலகம் பிடித்துக்கொண்டிருப்பது ராபர்ட் மேனிங்கின் வாலைத்தான். வடிகால் துறையில் கணக்குப்பிள்ளையாக நுழைந்து தலைமைப் பொறியாளர் ஆனவர். 1889-இல் சூத்திரத்தை முன்வைத்தார். கனமூலம் எடுக்கிற தொல்லையில் அவருக்கே அதில் பிடிப்பில்லை. ஆனால் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் இலவசமாகக் கொடுக்கும் ஹெக்-ராஸ் மென்பொருளைத் திறந்தாலும் உள்ளே மேனிங்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்பது அதிகமில்லை. குறுக்குவெட்டு எவ்வளவு, தண்ணீர் உரசும் தரையும் கரையும் எவ்வளவு, சரிவு எவ்வளவு, சொரசொரப்பு எவ்வளவு.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அகலமான ஆற்றில் ஆழம் பாதியானால் அது தாங்கும் வெள்ளமும் பாதியாகும் என்றுதான் நாம் நினைப்போம். ஆகாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

எண்ணூரில் ஆழத்தைக் குறைக்கும் வேலையை அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றுக்கொண்டது. செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிற குழாய்கள் வழியெல்லாம் ஒழுகின. ஆள் மூழ்கிய இடத்தில் இப்போது இடுப்பளவுதான் என்கிறார்கள் காட்டுக்குப்பத்து மீனவர்கள். நீர் வற்றும் நேரத்தில் படகு தரை தட்டி நிற்கும். இறங்கித் தள்ளினால் முழங்கால்வரை சாம்பல் சேறு. மேனிங்கைப் படிக்காமலே கணக்குப் போட்டவர்கள்.

அடுத்த கட்டத்துக்குச் சாம்பல்கூடத் தேவைப்படவில்லை. மத்திய அரசு 1996-இல் ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் 6,500 ஏக்கர் சொச்சம். அடுத்த வருஷத் தேதியிட்ட இன்னொரு வரைபடம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்கள் கைக்கு வந்தது. அதில் கழிமுகமே இல்லை. வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீஸைக் கூட்டிவந்தது 2008 படத்தில். நம் ஆட்கள் 11 வருஷம் முந்திவிட்டார்கள். அங்கே ரசீது இருந்தது, கிணறு இல்லை. இங்கே ஆறு இருக்கிறது, ரசீது இல்லை. சங்கதி ஊரெல்லாம் பரவிய 2017 அக்டோபரில் கமல்ஹாசன் நேரில் வந்து பார்த்தார். ஆறு இருந்தது.

2021-இல் ஆசிய வளர்ச்சி வங்கி கொசஸ்தலை வடிநிலத்துக்கு 25.1 கோடி டாலர் கடன் கொடுத்தது. 588 கிலோமீட்டருக்குப் புது மழைநீர் வடிகால். நல்ல காரியம். வடிந்த தண்ணீர் கடலுக்குப் போக நிற்கவேண்டிய வரிசை என்னவோ அதே கழிமுக வாசலில்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் எண்ணூருக்கு வந்தது. வெள்ளக் கணக்கு போடுகிறவர்கள் ஆலாய்ப் பறக்கும் ஒரு பொருள் உண்டு: தண்ணீர் எதுவரை ஏறியது என்ற தடம். கம்ப்யூட்டர் சொன்னது சரியா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். மற்ற ஊர்களில் பெரியவர் யாரையாவது பிடித்து, "முழங்காலுக்கு மேல, இடுப்புக்குக் கீழ" என்று எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே வீட்டுச் சுவரிலேயே கறுப்பாகக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அளக்க வருகிறவர்கள் டேப்போடு சீக்கிரம் வரவும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்கிறார்கள்.