பெரியண்ணனுக்குப் பூந்தமல்லியில் என்ன வேலை?

கேள்வி: சர்வாதிகார நாவல்களெல்லாம் வெள்ளைக்காரர்களின் கற்பனைதானே? நமக்கென்ன கவலை?
(பூந்தமல்லி வாசகர்)

பதில்: '1984' எழுதிய ஆர்வெல் 1903-ல் பிறந்ததே பீகாரின் மோதிஹாரியில். ஒருவகையில் நம்ம ஆள்! 'பெரியண்ணன்' ஆளும் அந்த நாவலின் நாயகன், கேட்டதையெல்லாம் கடைசியில் ஒப்புக்கொண்டுவிடுவான். ஒப்புக்கொள்ளும் கதை இங்கும் உண்டு. உங்கள் ஊரில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? போலீஸ் எஸ்.பி.யிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாகலாம் என்றது அந்தச் சட்டம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரியில், அங்கே குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு. கொலை கொடூரமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1999-ல் தடா குற்றச்சாட்டு நிற்காது என்றது உச்ச நீதிமன்றம். 19 பேரை விடுவித்தது. இதையே நாவலாக எழுதியிருந்தால், 'ஓவரா இருக்கே சார்' என்று பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருப்போம்.

தமிழில்தான் வேண்டுமென்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படியுங்கள். நாட்டையே ஆட்டிவைக்கும் ஜீவா, பார்த்தால் வெறும் ஹோலோகிராம். (முடிச்சை அவிழ்த்துவிட்டேன், மன்னிக்கவும்.) எழுதியவர் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்த பாரத் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

அடுத்தமுறை டிரங்க் ரோட்டில் கட்-அவுட்டைக் கும்பிடும்போது, பின்னால் நிஜமாகவே ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.