பத்மினிக்கு ஒரு முக்காடு

எங்கள் தெருவில், கடற்கரையிலிருந்து நாலாவது வீட்டு வாசலில், புங்கமரத்தடியில் ஒரு கார் நிற்கிறது. அதாவது, நிற்பதாகச் சொல்வார்கள். நான் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. போன தை மாசம் வரை நான் பார்த்ததெல்லாம் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. மேட்டுக்கு அடியில் இருப்பது 1975ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி, வெள்ளை நிறம், கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும் என்பதெல்லாம் சொந்தக்காரர் சொல்லித்தான் தெரியும். தெருவில் அவருக்குப் பெயர் பத்மினி சார். பெற்றோர் வைத்த பெயரைத் தபால்காரர் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம். ஓட்டுகிறவர்கள் ஒரு ரகம். ஞாயிறு விடியற்காலையில் புகை கக்கிக்கொண்டு கிளம்புவார்கள். பாதி வழியில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். போகிற வருகிறவர்கள் தள்ளிவிடுவார்கள். போர்த்துகிறவர்கள் இன்னொரு ரகம். புது சோபாவுக்கு உறை போட்டு, உறை அழுக்காகாமல் இருக்கத் துண்டு விரித்து, கடைசியில் தரையில் பாய் போட்டு உட்காருகிற குடும்பம் உண்டல்லவா? அந்த வம்சம். பத்மினி சார் அந்த வம்சத்தின் குலக்கொழுந்து.

அவரிடம் காரைப் பற்றிக் கேட்டால் ரெண்டே வரி. "1964ல குர்லாவில ஃபியட்டா வந்தது தம்பி. 1974ல பத்மினின்னு பேர் மாத்தினாங்க." அவ்வளவுதான். கவரைப் பற்றிக் கேட்டுவிட்டால் நாற்காலி போட்டு, காபியும் வந்துவிடும்.

முதல் கவர், லாரிக்குப் போடுகிற நீலத் தார்ப்பாய். ஒரு ஐப்பசி மழைக்கு வாங்கி, நாலு மூலையிலும் செங்கல் கட்டித் தொங்கவிட்டார். மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. பத்து நாள் கழித்து வெயில் அடித்ததும் தூக்கிப் பார்த்தால், உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. மழை உள்ளே வரவில்லை. ஈரத் தரையிலிருந்து எழும்பிய ஆவி போக்கிடம் இல்லாமல், இட்லிக் கொப்பரை மூடியில் நிற்பதுபோல் நின்று, திரும்பக் காரின் மேலேயே சொட்டியிருக்கிறது. கதவின் அடிவிளிம்பில் பெயிண்ட் அப்பளமாய் உப்பிவிட்டது. டிங்கர் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்திப் பார்த்தார். அது மறுபக்கம் வந்தது.

"தண்ணி உள்ளே வராம இருக்கிறது பாதிதான் தம்பி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகணும். துணி மூச்சு விடணும்."

இரண்டாவது, ஜி.பி. ரோட்டில் வாங்கிய வெள்ளி நிற ரெடிமேட். "எந்தக் காருக்கும் சேரும் சார்" என்று கடைப்பையன் சொன்னான். எல்லோருக்கும் சேருகிற சட்டை யாருக்குத்தான் சேரும்? போட்டால், அண்ணன் சட்டையைத் தம்பி மாட்டியதுபோல் தொளதொள. ராத்திரி கடல்காற்று அதற்குள் புகுந்து படபடவென்று அடிக்கும், தெருவே தூங்காது. அந்தப் படபடப்பில் துணிக்கும் காருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தூசு சும்மா இருக்குமா? தச்சர் உப்புத்தாள் போடுகிற மாதிரி தேய்த்துத் தேய்த்து, பானெட் முனையில் பிரைமர் தெரிந்துவிட்டது. இரண்டு கோடையில் வெள்ளிப்பூச்சும் உரிந்து போனது.

மூன்றாவது காடாத் துணி. மெத்தென்று இருக்கும், நன்றாக மூச்சு விடும். ஷெட்டுக்குள் நிற்கிற காருக்கு உத்தமம். திறந்த வாசலில் நிற்கிற காருக்கு ஈரத்துண்டு போட்ட கதைதான். மார்கழிப் பனியில் நனைந்தால் மத்தியானம் வரை காயாது. காக்கை போடுவதை அப்படியே உறிஞ்சி உள்ளே அனுப்பும்.

நாலாவது கவருக்குத் தையல்காரரே வீட்டுக்கு வந்தார். கார் சீட்டும் பந்தல் துணியும் தைக்கிறவர். அன்றைக்கு நானும் திண்ணையில் இருந்தேன். அவர் பழைய கவரின் மேலேயே டேப்பை வைத்து அளவெடுத்தார். கவரைக் கழற்ற அனுமதி கிடைக்கவில்லை. மாதிரித் துணிகளை விரித்ததும் பத்மினி சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின் உள்பக்கத்தையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். "கன்னத்தில உறுத்தாததுதான் பெயிண்ட்லயும் உறுத்தாது." அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் துணியின் மேல் ஊற்றி, உருண்டு ஓடுகிறதா என்று பார்த்தார். கடைசியில் வாயை வைத்து ஊதி, காற்று மறுபக்கம் போகிறதா என்றும் பார்த்தார்.

ஜன்னலுக்குள்ளிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது: "என் கல்யாணப் புடவை எடுக்கிறப்போ இவர் கடை வாசல்ல நின்னு பேப்பர் படிச்சிட்டிருந்தார்."

தையல்காரர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கேட்டார்: "சைடு கண்ணாடிக்குக் கை வைக்கணுமா சார்?"

"வைங்க."

"அரைக்கையா, முழுக்கையா?"

முழுக்கை. அடியில் எலாஸ்டிக், வயிற்றுக்கு ஒரு பெல்ட், மூச்சுவிட இரண்டு பக்கமும் மூடி வைத்த துவாரம், உள்ளே ஃபிளானல். விலையை அவர் வாயால் சொல்லவில்லை. ஜன்னல் திறந்திருந்ததால் விரலால் காட்டினார். ராணி பத்மினியை அலாவுதீன் கில்ஜி கண்ணாடியில்தான் பார்த்தான் என்று கதை சொல்வார்கள். எங்கள் தெருவுக்கு அதற்கும் கொடுப்பினை இல்லை. கண்ணாடிக்கும் முழுக்கை.

கவர் வந்தபின் விதிகளும் வந்தன. தூசோடு போர்த்தக் கூடாது. கழுவி, துடைத்து, காய்ந்த பிறகே போர்த்த வேண்டும். இன்ஜின் ஆறிய பிறகே போட வேண்டும் என்பதும் விதி. அந்த விதிக்கு மட்டும் வேலை வரவே இல்லை. போட இரண்டு ஆள், கழற்ற இரண்டு ஆள். மடிக்கிறபோது மேல்பக்கம் உள்பக்கத்தைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு பூனை எலாஸ்டிக்குக்குள் நுழைந்து மூன்று குட்டி போட்டது. பிரசவ வீடு என்று ஒன்றரை மாசம் யாரும் கவரைத் தொடவில்லை.

2021இல் மத்திய அரசு, ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. இரண்டாவது பகுதியைப் படித்ததும் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பார்த்தீங்களா, சட்டமே ஓட்டாதேங்குது!" 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சிகள் விடைபெற்றபோது, பேப்பரில் வந்த படத்தை வெட்டி வைத்துக்கொண்டு துக்கம் காத்தார். கவர் என்ற ஒன்றைக் காணாமலேயே அந்த டாக்சிகள் கடலோர மழையில் தினமும் ஓடின என்று நான் சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை. காபியும் வரவில்லை.

போன தை மாசம் என் அக்கா மகள் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பத்மினியைக் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். கண் கலங்கி, "அதுக்குத்தானே தம்பி இத்தனை வருஷமா பாதுகாத்தேன்" என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு நாலு பேர் சேர்ந்து கவரைக் கழற்றினோம். சும்மா சொல்லக் கூடாது, கண் கூசியது. ரேடியேட்டர் கிரில்லில் முகம் பார்த்துத் தலை வாரலாம். சார் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. பேட்டரி செத்திருந்தது. ஒரே இடத்தில் நின்ற டயர்கள் அடிப்பக்கம் தட்டையாகியிருந்தன. பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது. தள்ளலாம் என்றால் பிரேக் பிடித்த பிடியை விடவில்லை. ஓடி வந்த மெக்கானிக் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெளியில ஒரு குறையும் இல்லை சார். வாரத்துக்கு ஒருவாட்டி பீச் வரைக்கும் ஓட்டியிருந்தீங்கன்னா உள்ளேயும் இருந்திருக்காது."

மாப்பிள்ளை கால் டாக்சியில் வந்தார்.

உங்கள் வாசலிலும் ஒரு பத்மினியோ அம்பாசடரோ இருந்தால், கவர் வாங்குமுன் துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஊதியும் பாருங்கள். பத்மினி சார் சொன்னதில் தப்பே இல்லை. கூடவே ஒன்று: ஞாயிறு காலையில் ஒற்றை ஆளாக ஐந்து நிமிஷத்தில் அதைக் கழற்றி மடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால், எவ்வளவு நல்ல கவராக இருந்தாலும் வாங்காதீர்கள்.