வாளியும் கிணறும்

கேள்வி: மலேசியாவின் மெர்லிமாவ் குடியிருப்புப் பகுதியில் மாதக் கடைசியில் இணையம் தவழ்கிறது, நிறுவனத்தை மாற்றினால் தீருமா?

பதில்: அது குறையின் வேரைப் பொறுத்தது. பயன்பாடு குறிப்பிட்ட அளவைக் கடந்ததும் இணைப்பைத் துண்டிக்காமல் வேகத்தை மட்டும் குறைக்கும் ‘நியாயப் பயன்பாட்டுக் கொள்கை’ என்னும் ஒப்பந்த விதியே காரணமெனில், வரம்பில்லாத் திட்டமுடைய நிறுவனத்துக்கு மாறுவது பலன் தரும். கோளாறு கம்பியில் இருப்பின், டெலிகோம் மலேசியா 2010இல் யூனிஃபை என்ற பெயரில் தொடங்கிய ஒளியிழைச் சேவையின் கம்பிகளையே மெக்சிஸ் போன்ற போட்டியாளர்களும் பல இடங்களில் வாடகைக்குப் பெற்று விற்பதால், வாளி மாறுமேயன்றிக் கிணறு மாறாது. ஒப்பந்தம் முடியுமுன் விலகினால் அபராதம் விதிக்கப்படலாம் என்பதால், முதலில் நிறுவனத்திடம் புகார் எண் பெற்று, தீர்வில்லையேல் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடுக.