ஆளுயர ஸ்பீக்கருக்கு ஆம்பிளிஃபயர் பார்ப்பது எப்படி?

ஸ்பீக்கரை முதலில் வாங்கிவிடுங்கள். அறையை அளக்க வேண்டாம். அளந்தால் வாங்க மனசு வராது. ரப்பர் விலை ஏறிய வருஷமோ, வளைகுடாவிலிருந்து மச்சினன் வந்த வாரமோ, ஆளுயரத் தூண்கள் இரண்டு வெள்ளறடை வீட்டு முற்றத்தில் வந்து இறங்கட்டும். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்கே வாங்கிய நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் நிறுத்திவிட்டதால், பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இப்போது இலவசமாகவே பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர், "ஆம்பு எங்க அண்ணே?" என்று கேட்பார். உங்கள் கஷ்டகாலம் அந்த நிமிஷம் ஆரம்பிக்கிறது.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பனச்சமூடு சந்தையில் மீன் வாங்கிக்கொண்டே கேட்டாலும் கேரள–தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரும். முதல் பரீட்சை எடை. கடைக்காரர் சொல்வார்: "ஒண்ணு தூக்கிப் பாருங்க அண்ணே."

"தூக்கப் பற்றல்லியே மக்கா."

"அப்போ நல்ல சாதனம்."

இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பழைய ஏபி கிளாஸ் ஆம்பிளிஃபயரின் கனமெல்லாம் டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்கும்தான். டி கிளாஸ் வந்த பிறகு 100 வாட்ஸ் பெட்டியை ஒரு கையால் தூக்கலாம். அதனாலேயே ஊரில் அதற்கு மரியாதை இல்லை.

அடுத்தது வாட்ஸ். பெட்டிமேல் 5000 வாட்ஸ் என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்தால் உடனே நம்புங்கள். கீழே பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்றிருப்பதை வாசிக்கக் கண்ணாடி தேட வேண்டாம். பின்பக்கம் திருப்பி, சுவரிலிருந்து இழுப்பது 60 வாட்ஸ் என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்துவிடாதீர்கள். 60 வாங்கிக்கொண்டு 5000 கொடுக்கும் கருணை இடுக்கி அணைக்கே கிடையாது.

அதைவிட ஆபத்து, ஸ்பீக்கரோடு வந்த தாளை வாசிப்பது. சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் என்று அதில் ஒரு வரி இருக்கும். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 88 டெசிபல் என்று அர்த்தம். 10 வாட்ஸுக்கு 98. 100 வாட்ஸுக்கு 108. நூறை இருநூறாக்க நீங்கள் விலையை எவ்வளவு கூட்டினாலும் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். அடுக்களையிலிருந்து, "ரூவா குடுத்த அளவுக்குக் கேக்கல்லியே" என்று குரல் வரும். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற 10 டெசிபல் ஏற வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். இந்தக் கணக்குத் தெரிந்தவர் சாதாரண அறைக்கு 50 வாட்ஸில் நின்றுவிடுவார். அப்புறம் கடைக்காரர் பிழைப்பது எப்படி?

கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் திருவிழா நேரத்தில் தென்னையில் கட்டிய கோளாம்பி ஸ்பீக்கரைப் பார்க்கலாம். சில பத்து வாட்ஸில் அடுத்த ஊர்க்காரனையும் அது எழுப்பிவிடும். கூம்பின் சென்சிட்டிவிட்டி 100 டெசிபலுக்கு மேலே. அமெரிக்காவில் பால் கிளிப்ஷ் என்பவர் கூம்பை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, வீட்டு மூலைச் சுவர்களையே அதன் வாயாக்கி, 1946-இல் கிளிப்ஷ்ஹார்ன் என்று விற்கத் தொடங்கினார். அதற்கும் சில வாட்ஸே போதும். நம் தூண்கள் அழகானவை, ஆனால் பெருந்தீனிக்காரர்கள்.

ஓம்ஸ் விஷயத்தைக் கடைசிவரை யாரிடமும் கேட்காதீர்கள். தாளில் 8 என்றிருக்கும்; அது ஒரு மரியாதைக்குப் போட்ட எண். பேஸ் வரும் இடத்தில் 4-க்கும் 3-க்கும் இறங்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. 4-க்கு இறங்கினால் அதே வோல்டேஜில் ஆம்பிளிஃபயர் இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும். 1980-களில் அப்போஜி கம்பெனியின் ஸின்டில்லா ஸ்பீக்கர் 1 ஓமில் நின்றுகொண்டு பல பெட்டிகளின் உயிரை எடுத்தது. உண்மையில் பார்க்க வேண்டிய வரி இதுதான்: 8 ஓம்ஸில் எவ்வளவு, 4 ஓம்ஸில் எவ்வளவு. இரண்டாவது எண் முதலாவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கிருந்தால் பெட்டிக்குள் சரக்கு இருக்கிறது. நான்கின் பேச்சையே எடுக்காத தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உள்ளூர் மெக்கானிக் செய்து தரும் ஆம்பிளிஃபயரை ஏளனம் செய்வது இந்தப் பொழுதுபோக்கின் முதல் தகுதி. மூடியைத் திறந்தால் 5200–1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள் வரிசையாக அலுமினியத்தில் முறுக்கப்பட்டிருக்கும். இடையில் மைகாத் தாள், ஓரத்தில் பிதுங்கிய வெள்ளைப் பேஸ்ட். பக்கத்தில் கட்டைவிரலைவிடத் தடித்த இரண்டு கெப்பாசிட்டர்கள், எர்த் வயருக்கு ஒரு நட்டு. மைக் செட்டுக்காரர்கள் வருஷக்கணக்காக ஓட்டுவது இதைத்தான். ஆனால் முன்பக்கம் நீல விளக்கு இல்லை. வேண்டாம்.

விலைக்கேற்ற வித்தியாசம் காதுக்குத் தெரியுமா என்று கேட்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். 1985-இல் ஆம்பிளிஃபயர் செய்து விற்ற பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த வால்வ் ஆம்பிளிஃபயரின் குணத்தைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் பெட்டியில் கொண்டுவருவதாகச் சவால் விட்டு, ஹோட்டல் அறையில் உட்கார்ந்து செய்தும் காட்டினார். கேட்டவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் ஒன்று உண்டு: இரண்டு மாநிலத்துக் கரண்ட். இடுக்கித் தண்ணீரில் எடுத்த கரண்டில் பேஸ் ஈரமாகவும், முப்பந்தல் காற்றாலைக் கரண்டில் புல்லாங்குழல் காற்றோட்டமாகவும் வரும் என்று தாராளமாகச் சொல்லலாம். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பையும் நாட்டின் மற்ற தொகுப்போடு இணைத்துவிட்டார்கள், அன்றிலிருந்து எல்லாம் ஒரே குளத்துத் தண்ணீர் என்று யாராவது சொன்னால் சாயா வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றவும். சாயந்திரம் வோல்டேஜ் இறங்கும் வீடாக இருந்தால், தங்க முலாம் பூசிய பவர் கேபிளுக்குச் செலவழிப்பதைவிட ஸ்டெபிலைசர் வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் அதை விருந்தாளிக்குக் காட்டிப் பெருமைப்பட முடியாது.

சின்ன ஆம்பிளிஃபயர்தானே, ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகாது என்று குமிழைக் கடைசிவரை திருப்பினால் முதலில் சாவது ட்வீட்டர். சக்தி பற்றாமல் அலையின் தலை வெட்டுப்பட்டு, அந்த வெட்டில் பிறக்கும் கரகரப்பெல்லாம் ட்வீட்டர் தலையில் போய் விடியும். கரகரத்தால் குறைத்துவிடுங்கள். கரகரக்காவிட்டாலும் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். மாடியில் வேய்ந்த தகரக் கூரையும் ஷோகேஸ் கண்ணாடியும் தனித்தனியே தாளம் போடும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிப்பது பகலில் 55, இரவில் 45 டெசிபல். உங்கள் தூண் 1 வாட்டிலேயே 88-ஐத் தொட்டதை மேலே பார்த்தோம்.

துலா மாதத்தில் மத்தியானம் மலைப்பக்கம் இருண்டால் விலை, வாட்ஸ், கிளாஸ் எல்லாம் ஒன்றுதான். வருவது இடிமின்னல்; சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். இன்டர்நெட் வயரையும், டிஷ் வயரையும் சேர்த்து. இந்தக் கட்டுரையில் விளையாட்டில்லாத வரி இது ஒன்றே.

கடைசியாக ஒன்று. திருவிழாக் கமிட்டி எப்படியும் வரும். செயலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சாயா குடித்து, பெட்டியைச் சுற்றி வந்து, "மைக் எங்க குத்துயது?" என்று கேட்பார். எவ்வளவு விலை கொடுத்தாலும் சரி, மைக் சாக்கெட் இல்லாத ஆம்பிளிஃபயராகப் பார்த்து வாங்குங்கள்.