ஆளைப் போட்டு இடம் பிடித்தல்: ஓர் ஆய்வு

கொட்டகையில் இடம் பிடித்தல் மூவகைப்படும்: துண்டு போட்டுப் பிடித்தல், சண்டை போட்டுப் பிடித்தல், ஆளைப் போட்டுப் பிடித்தல். முதலிரண்டையும் நம் பேருந்து நிலையங்களே ஐயந்திரிபறக் கற்பிப்பதால் இங்கு விடுத்தோம். மூன்றாவதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் சீமான்களும் சீமாட்டிகளும் என்பது எம் துணிபு.

டுரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய பெரிய அரங்குகளில் தனி மாடத்தில் உட்கார 5 ஷில்லிங். ஆட்டம் மாலை ஆறு மணி வாக்கில். ஆனால் உட்காருமிடம் வெறும் பெஞ்சு, எண் கிடையாது. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கே வேலையாளை அனுப்பி இடத்தைக் காக்கும்படி அரங்கத்தாரே சீமாட்டிகளுக்கு விளம்பரத்தில் வேண்டுகோள் விடுத்தார்கள். சரிகைச் சீருடையும் வெள்ளைக் காலுறையுமாக ஓர் ஆள், இறக்கிவிட்ட திரையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். இலக்கணிகள் இவரை ஆகுபெயர் என்பர். எஜமானிக்கு ஆகி வந்தவர்.

எஜமானி ஆறு மணிக்கு வந்துவிடுவாரோ எனின், வாரார். தாமதமாக வருவதுதான் நாகரிகம். அரங்கினுள் மெழுகுவத்திகள் ஆட்டம் முடியும்வரை எரிந்தமையால், நுழைவதை ஊரே பார்க்கும். பார்க்க வேண்டும் என்பதற்குத்தானே ஐந்து ஷில்லிங். இதனால் பெறப்படுவது: நாடகத்தின் தொடக்கத்தை மாடத்தில் சாவகாசமாக உட்கார்ந்து ரசித்தவர் வேலைக்காரர்.

எஜமானி வந்ததும் வேலையாள் எழுந்து உச்சி மாடிக்குப் போவார். டுரூரி லேனில் அது வேலையாட்களுக்கு ஓசி. மேலேயிருந்து அவர்கள் போட்ட கூச்சல் தாங்காமல் நிர்வாகி ஃப்ளீட்வுட் அச்சலுகையை நிறுத்தினார். 1737-இல் அவர்கள் ஆயுதங்களோடு கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள். வன்முறையை நாம் ஆதரிப்பதில்லை. ஆயினும், திரை மூடியிருக்கையில் 5 ஷில்லிங் மாடத்துக்குத் தகுதியானவர், திரை தூக்கியபின் ஓசி மாடிக்கும் ஆகாதவர் ஆவது எவ்வாறு என்ற வினாவுக்கு நிர்வாகியிடம் விடை இருந்ததாகத் தெரியவில்லை.

இனி, பிற்பாதி. மூன்றாம் அங்கம் முடிந்தபின் வருவோருக்கு அரைக் கட்டணம் என்பது வழக்கம். 1763-இல் டுரூரி லேனை நிர்வகித்த நடிகர் டேவிட் காரிக் அதற்குக் கத்தரி போடப் பார்த்தார். பார்வையாளர்கள் பெஞ்சுகளைப் பெயர்த்தார்கள், சரவிளக்குகளை நொறுக்கினார்கள், காரிக் பணிந்தார். எனவே முற்பாதி வேலையாளுக்கு, பிற்பாதி அரை டிக்கெட்டுக்கு. முதலிலிருந்து கடைசிவரை நாடகத்தைப் பார்த்தவை பெஞ்சுகள் மட்டுமே, அவற்றையும் உடைத்துவிட்டார்கள்.

காரிக் பார்த்திருப்பாரே எனின், அற்றன்று: அவர் நடித்துக்கொண்டிருந்தார்.