மேம்பாலத்தில் ஏறிய கார்கள்

ஆரஞ்சு அலர்ட் என்று டிவியில் சொன்னதும் மற்ற ஊர்க்காரர்கள் குடையைத் தேடுவார்கள். வேளச்சேரிக்காரர்களான நாங்கள் கார் சாவியைத் தேடுவோம். 2024 அக்டோபரில், பெரிய மழை தொடங்கும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றுவிட்டன. அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு செய்தி பரவியது. அப்படி எதுவும் போடவில்லை என்று காவல்துறை மறுத்தது. போட்டிருந்தாலும் யாரும் இறக்கியிருக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில், பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வெளியேறிய வீடியோவைப் பார்த்தவர்கள் நாங்கள். டிரைவர் இல்லாத கார் சென்னைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

காரை மேலே பத்திரப்படுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு சந்தேகம் வரும். நமக்கு அது வாகனமா, அதற்கு நாம் வாகனமா? சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டி வீடும் ஐடி கம்பெனியும் கட்டினோம். ஐடி கம்பெனிக்குப் போகக் கார் வாங்கினோம். காரை நிறுத்த இன்னும் கொஞ்சம் மண்ணைக் கொட்டினோம். மிச்சமிருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றது. தண்ணீருக்குத்தான் நாம் வீடு கட்டிய விஷயம் இன்னும் தெரியவில்லை. வருஷா வருஷம் பழைய விலாசத்துக்கே வந்துவிடுகிறது.

எங்கள் குடியிருப்பில் சுற்றுச்சூழல் என்றால் மூன்றாவது மாடி சார்தான். துருவப் பனி உருகுவதைப் பற்றி அவர் பேசினால் கேட்பவருக்குக் கண்ணில் நீர் வரும். பிளாஸ்டிக் பையை வீட்டுக்குள் விடமாட்டார். தெருமுனையில் ஒரு கட்டு அரைக்கீரை வாங்கவும் மஞ்சப்பையோடுதான் புறப்படுவார். மஞ்சப்பை முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும். அதற்கும் ஏசி உண்டு. ஏழு பேர் போகக்கூடிய அந்த வண்டியில் சாரும் பையும் போய், சாரும் பையும் கீரையும் திரும்பி வருவார்கள். அண்மையில் அதை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். அதில் புகை இல்லை என்பது உண்மை, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் விஜயநகர் சந்திப்பில் அதுவும் அதே இடத்தை அடைத்துக்கொண்டு, அதே பஸ்ஸுக்கு முன்னால்தான் நிற்கிறது.

ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் விடவேண்டும் என்கிறது நம் கட்டட விதி. அந்த அளவில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டால் இரண்டு பேச்சிலர்கள் நன்றி சொல்லி இருப்பார்கள். டொனால்ட் ஷூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பார்க்கிங்கைப் பற்றியே 2005-இல் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். சராசரிக் கார் தன் வாழ்நாளில் 95 சதவீத நேரம் சும்மா நிற்கிறது என்பது அவர் கணக்கு. இப்படி ஓர் ஆள் வீட்டில் இருந்தால் நாம் என்னென்ன பேசுவோம்! காருக்கு மட்டும் கவர் போட்டு மூடி, வாரம் ஒருமுறை குளிப்பாட்டுகிறோம்.

இந்த இரண்டரைக்கு ஐந்துக்காகத்தான் எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் வேப்பமரத்தின் பேச்சு வந்தது. பல வீடுகளில் இரண்டாவது கார் வந்துவிட்டது. மரத்தை எடுத்தால் இரண்டு வண்டிக்கு இடம் கிடைக்கும். மூன்றாவது மாடி சார் எழுந்தபோது மரம் பிழைத்தது என்றே நினைத்தேன். அவர் அமேசான் காடுகளில் ஆரம்பித்து, ஆக்ஸிஜனைத் தொட்டு, கடைசியில், "ஆனா அதுல காக்கா உக்காருது சார், பெயின்ட் போயிடுது" என்று முடித்தார். மரத்துக்கு ஈடாகத் தொட்டியில் இரண்டு செடி வைக்கலாம் என்று ஒரு தீர்மானமும் தயாராகிவிட்டது.

மரத்தைக் காப்பாற்றியது இஸ்திரிப்பெட்டி. அந்த வேப்பமர நிழலில்தான் எங்கள் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டி நிற்கிறது. கரி போட்ட பித்தளைப் பெட்டி, வாயில் தண்ணீரை வைத்துச் சட்டையின் மேல் பூந்தூறலாக ஊதும் வித்தை, எல்லாம் அங்கேதான். "மரம் போனா அவர் அடுத்த தெருவுக்குப் போயிடுவாரு. அப்புறம் உங்க சட்டைக்கெல்லாம் யாரு இஸ்திரி போடறது, நீங்களா?" என்று என் மனைவி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். ஆண்கள் அனைவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்மானம் ஒருமனதாகத் தோற்றது. அமேசான் சாதிக்காததை இஸ்திரி சாதித்தது.

பசுமை அரசியலின் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. நேராகச் சொல்லிப் பார்த்தவர்கள் பட்ட பாடு ஜெர்மனிக்குத் தெரியும். 1998-இல் அங்கே பசுமைக் கட்சிக்காரர்கள் மாக்டபுர்க் நகரில் மாநாடு கூட்டி, பத்து வருஷத்தில் பெட்ரோல் லிட்டர் ஐந்து மார்க் ஆகவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது விலை ஒன்றரை மார்க்கை ஒட்டி இருந்தது. தேர்தல் வருஷத்தில் பெட்ரோல் விலையை மும்மடங்காக்குகிறேன் என்று ஒரு கட்சி தானே முன்வந்து சொன்னதை, நம்மூர் வட்டச் செயலாளர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், உங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பார். கருத்துக்கணிப்பில் சரிந்தார்கள். 6.7 சதவீத ஓட்டோடு ஒருவழியாகக் கரையேறி, கூட்டணி ஆட்சியில் இடம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு வரியை ஏற்றியது வருஷத்துக்கு ஆறு ஃபென்னிக் காசு வீதம், ஊசி போடும் டாக்டர் பேச்சுக் கொடுப்பதுபோல. பாடம் படித்த கட்சி அது. 2011-இல் பென்ஸும் போர்ஷேவும் பிறந்த பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்திலேயே அவர்களுடைய ஆள் முதல்வராகிவிட்டார்.

காரால் பிழைக்கும் ஊரில் காரை எதிர்க்கும் தர்மசங்கடம் நமக்கும் உண்டு. சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று சொல்லித்தான் இத்தனை காலம் மார்தட்டினோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காரோடு சம்பந்தப்பட்ட ஒரு வேலையில் இருக்கும் உறவினர் இல்லாத குடும்பம் குறைவு. என் மச்சினரும் அங்கேதான் இருக்கிறார். காரை எதிர்த்து நான் வாயைத் திறந்தால் அவர் வயிற்றில் அடிப்பதாக ஆகும். பொங்கலுக்குக் கரும்பு வராது.

ஆகவே பசுமை நம் ஊருக்கு வேறு வாசல் வழியாகத்தான் வரவேண்டியிருக்கிறது. வந்தும் இருக்கிறது. 2021 மே மாதம் முதல்வராகப் பொறுப்பேற்ற அன்றே மு.க.ஸ்டாலின் போட்ட கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். அதை யாரும் பருவநிலைத் திட்டம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கு ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள். பெண்களுக்கான சலுகை என்றார்கள், காரியம் நடந்துவிட்டது. பெரும்பாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி மாறி வந்த காலத்தில் சம்பளத்தில் ஒரு பங்கை வழியிலேயே விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பணம் இப்போது மகளின் டியூஷனுக்குப் போகிறது. கரியமிலவாயுவைப் பற்றி அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அதைக் குறைவாக வெளியிடுபவர் எங்கள் கட்டடத்துக்குள் வருபவர்களிலேயே அவர்தான்.

என் மனைவி இன்னும் தீவிரவாதி. டீலக்ஸ் காலியாக வந்தாலும் ஏறமாட்டாள். முகத்தில் பிங்க் பெயின்ட் அடித்த இலவச வண்டி வரும்வரை நிற்பாள். கண்டக்டர் அவளுக்குப் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டையும் எனக்குக் காசு டிக்கெட்டையும் கிழித்துத் தருவார். "உங்களைக் கூட்டிட்டு வந்தாலே செலவுதாங்க" என்பாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. பார்க்கிங்கில் நிற்கும் காருக்கு மாதத் தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ் என்று நான் கட்டுவதையெல்லாம் சேர்த்து அவள் கணக்குப் போட ஆரம்பித்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கொள்கைகளுக்குக் குறைவில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்றே 2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்து நிதியில் பெரும்பங்கை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கவேண்டும் என்பது அதன் சாரம். 2019-இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. ஜனங்கள் குடும்பத்தோடு போய் அங்கே நடக்கிறார்கள். நடப்பதற்கு என்று ஓர் இடம் இருப்பது அவ்வளவு அதிசயம். எங்கள் தெருவிலும் நடைபாதை உண்டு. முதலில் டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து டீக்கடையின் பெஞ்சு, பிறகு மூடியில்லாத ஒரு பள்ளம், அதில் எச்சரிக்கைக்காக நட்ட வேப்பங்கொம்பு, அதன் பிறகு கார். கார் எப்போதும் உண்டு. வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதைக்கு 2008-இல் வேலை தொடங்கினார்கள். கடைசி அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கு வழக்கு நடந்து முடிவதற்குள், அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் ஓட்டுநர் உரிமம் எடுக்கும் வயதை நெருங்கிவிட்டார்கள். ரயிலுக்குக் காத்திருந்தவர்களிடம் டீலர்கள் கார் விற்றுவிட்டார்கள்.

இந்த ஊரில் கார் வைத்திருப்பவன் கெட்டவன் அல்லன். பஸ் வராத நேரத்தில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவன். அவனுக்குப் பனிக்கரடி படத்தைக் காட்டிப் பயனில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸைக் காட்டவேண்டும். கூடவே, தெருவில் இலவசமாக நிறுத்தும் இடத்துக்குக் காசு கேட்கவேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் என்று நினைக்கிறேன். காசு மட்டும் கேட்டால் மாக்டபுர்க் கதைதான்.

எனவே ஆள்வோருக்கும் ஆளப்போவோருக்கும் வேளச்சேரி வாக்காளன் ஒருவனின் விண்ணப்பம். பூமியைக் காப்பாற்றுவதாக எங்களிடம் சொல்லாதீர்கள், பயந்துவிடுவோம். பஸ்ஸை மகளிர் நலம் என்று விடுங்கள், நடைபாதையை முதியோர் நலம் என்று போடுங்கள், மரத்தை இஸ்திரிக்காரர் நல வாரியத்தில் சேர்த்துவிடுங்கள். பார்க்கிங் கட்டணத்தை மட்டும் தேர்தல் முடிந்த மறுவாரம் அறிவியுங்கள்.